முதல் மூச்சும் அதற்கு ஏற்ற சொல்லும்

"உயிர்த்தல்" என்னும் சொல்லைத் தமிழ் அகராதியில் தேடிப் பாருங்கள். மூச்சு விடுதல் என்று ஒரு பொருள் காண்பீர்கள். ஈனுதல், அதாவது பிள்ளை பெறுதல் என்று இன்னொரு பொருளும் காண்பீர்கள். பிறப்பையும் மூச்சையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கினர். பிறந்த குழந்தை அழுதால்தான் மூச்சு. மூச்சு வந்தால்தான் பிழைப்பு. இதை மருத்துவச்சிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர்.

ஆனால் மூச்சு வராத குழந்தைக்கும், வந்த மூச்சு நிலைக்காத குழந்தைக்கும் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை காண மனிதகுலத்திற்கு நெடுங்காலம் ஆயிற்று. விடை கிடைத்தபோது அது அயல்மொழிச் சொற்களில் கிடைத்தது. ஆதம்பாக்கத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்ளுங்கள். ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. "பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு" என்று பலகை தொங்கும் கதவுக்கு வெளியே தந்தையும் பாட்டியும் நிற்கிறார்கள். "சிபாப்பில் வைத்திருக்கிறோம், சர்ஃபாக்டன்ட் கொடுக்க வேண்டும், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று உள்ளிருந்து வந்தவர் சொல்கிறார். எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்பதே விளங்காமல் தந்தை கையெழுத்திடுகிறார். சொல் புரியாத இடத்தில் சம்மதத்திற்கு என்ன பொருள்?

ஆகவே இக்கட்டுரையில் இரண்டு வரலாறுகளைச் சேர்த்துக் காண்போம். ஒன்று, குறைமாதக் குழந்தையின் மூச்சைத் தாங்கிப் பிடிக்க அறிவியல் கற்றுக்கொண்ட வரலாறு. மற்றொன்று, மருத்துவத்தைத் தமிழில் சொல்ல நம்மவர் முயன்ற வரலாறு.

மானிப்பாயில் ஒரு தொடக்கம்

இரண்டாவதை முதலில் பார்ப்போம். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு ஓர் இளம் மருத்துவர் வந்தார். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைமருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடந்தது. ஆங்கிலம் கற்றவர்கள் நகரங்களை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளிக்கு மருத்துவர் கிடைக்கவில்லை. எனவே 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர் ஆவர்.

தமிழில் பாடம் நடத்தத் தமிழில் நூல் வேண்டுமல்லவா? கிறீனும் அவருடைய தமிழ் மாணவர்களும் ஆயிரக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்த்தனர். மகப்பேறு பற்றிய "பிரசவ வைத்தியம்" 1857இலும், உடற்கூறு பற்றிய "மனுஷ அங்காதிபாதம்" 1872இலும், "கெமிஸ்தம்" என்னும் வேதியியல் நூல் 1875இலும், உடலியங்கியல் பற்றிய "மனுஷ சுகரணம்" 1883இலும் வெளிவந்தன. 1884இல் கிறீன் மறைந்தார்.

அவர் கலைச்சொல் ஆக்கிய முறை இன்றும் கருதத்தக்கது. ஒரு கருத்துக்குத் தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று முதலில் தேடுவது. இல்லையேல் வடமொழியில் நாடுவது. அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப எழுதிக்கொள்வது. நூல்களின் பெயர்களிலேயே இதனைக் காணலாம். "அங்காதிபாதம்" என்பது தலைமுதல் கால்வரை பாடும் கேசாதிபாத மரபை நினைவூட்டுகிறது. "கெமிஸ்தம்" என்பதோ கெமிஸ்ட்ரி என்பதற்குத் தமிழ் உடை அணிவித்த சொல். பிடிவாதம் எந்தப் பக்கமும் இல்லை. மாணவனுக்கு விளங்குவதே அளவுகோல்.

ஆங்கிலம் படித்தோருக்கே அரசு வேலை என்றிருந்த காலத்தில், கிறீனுக்குப் பின் அம்முயற்சி நீடிக்கவில்லை. எனினும் விதை வீணாகவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் என்று ஒரே வாயுவை நாம் மூன்று விதமாகச் சொல்வதும், இலங்கைத் தமிழர் அதனை ஒட்சிசன் என்பதும் இவ்வாறு பல கைகள் உழைத்ததன் அடையாளங்களே.

கருவறையில் மூச்சு இல்லை

இனி மூச்சின் வரலாற்றுக்கு வருவோம். கருவில் உள்ள குழந்தை காற்றைச் சுவாசிப்பதில்லை. அதன் நுரையீரலில் திரவமே நிரம்பியிருக்கும். வேண்டிய ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியே தாயின் குருதியிலிருந்து கிடைக்கிறது. பிறந்த சில நொடிகளில் எல்லாம் மாறியாக வேண்டும். திரவம் விலக வேண்டும். நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் விரிய வேண்டும். குருதி புதிய பாதையில் பாய வேண்டும்.

பிறந்த குழந்தை இம்மாற்றத்தைச் சரியாகச் செய்கிறதா என்று அளக்க நெடுங்காலம் ஓர் அளவுகோலே இல்லை. அமெரிக்க மயக்கமருந்து மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1953இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார். இதயத் துடிப்பு, மூச்சு, தசைமுறுக்கு, தூண்டினால் முகம் சுளித்தல், தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் சுழியம், ஒன்று, இரண்டு என மதிப்பெண் இட்டுக் கூட்ட வேண்டும். முழு மதிப்பெண் பத்து. கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணும் காதும் கையும் போதும். இன்று நம்மூர் மருத்துவமனைச் சீட்டில் "அப்கார் 8" என்று காண்கிறீர்களே, அது சுருக்கெழுத்து அன்று. ஒரு பெண்மணியின் பெயர்! பிற்காலத்தில்தான் அப்பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு ஐந்து அறிகுறிகளையும் பொருத்தி நினைவுக்குறிப்பு ஆக்கினர்.

நம் சென்னையிலும் மகப்பேற்று மருத்துவத்திற்கு நீண்ட மரபு உண்டு. 1844இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனையே பின்னர் எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்தது. அதன் கண்காணிப்பாளர் பதவியை ஏற்ற முதல் இந்தியர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். அவர் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூல் 1938இல் வெளிவந்து, தலைமுறைகள் கடந்து பாடநூலாக விளங்குகிறது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஏரியும் வயலுமாக இருந்த ஆதம்பாக்கத்துக்காரர் பரங்கிமலை நிலையத்தில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம் என்றாயிற்று. குறைமாதக் குழந்தைக்கு நேரமே மருந்து. ஆகவே போக்குவரத்தும் மருத்துவ வரலாற்றின் ஒரு பகுதியே எனலாம்.

நுரையில் இருந்த விடை

குறைமாதக் குழந்தைகள் பல, பிறந்தவுடன் அழுதும், சில மணி நேரத்தில் மூச்சுத் திணறத் தொடங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளிடையே தசை உள்ளிழுக்கும், மெல்ல முனகும், நீலம் பாரிக்கும். இரண்டு மூன்று நாளில் பல இறந்துவிடும். காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

இங்கே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு குவளையில் வெறும் நீரும், இன்னொன்றில் சோப்பு கலந்த நீரும் எடுத்து, உறிஞ்சுகுழல் வழியே ஊதுங்கள். வெறும் நீரில் எழும் குமிழ் உடனே உடைகிறது. சோப்பு நீரில் எழுவது நிலைத்து நிற்கிறது. நீரின் பரப்பு எப்போதும் சுருங்கவே முயல்கிறது. இதனைப் பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சோப்பு இந்த விசையைக் குறைக்கிறது. குமிழ் சிறிதாகச் சிறிதாக, அதனை விரிந்த நிலையில் வைத்திருக்க மிகுந்த அழுத்தம் தேவைப்படும். இது பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் பெயரால் வழங்கும் விதி.

நுரையீரலின் சிற்றறைகளும் உட்புறம் ஈரம் பூசிய நுண்குமிழ்களே. அந்த ஈரம் வெறும் நீராக இருந்தால் ஒவ்வொரு மூச்சு வெளிவிட்டதும் அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு மீண்டும் முதலிலிருந்து பிரித்துத் திறக்க வேண்டும். புதுப் பலூனை முதல் முறை ஊதும் சிரமத்தை ஒவ்வொரு மூச்சிலும் படுவது போன்றது இது. ஒரு கிலோ எடையுள்ள சிசு எத்தனை நேரம் இப்படி உழைக்கும்?

பரப்பு இழுவிசைக்கு நுரையீரலில் பங்கு உண்டு என்பதை 1929இலேயே வான் நீர்கார்ட் என்னும் அறிஞர் சுட்டிக்காட்டினார். அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. 1955இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு பாட்டில் என்பவர் நுரையீரலிலிருந்து வெளிவரும் நுரையை ஆராய்ந்தார். அந்த நுரையின் குமிழ்கள் விந்தையான முறையில் உடையாமல் நிலைத்தன. நுரையை அடக்கும் பொருள்களுக்கும் அவை கட்டுப்படவில்லை. நுரையீரல் தனக்கென ஒரு "சோப்பு" வைத்திருக்கிறது என்று தெரிந்தது. 1957இல் அமெரிக்காவில் ஜான் கிளமென்ட்ஸ் இதனை அளந்து காட்டினார். இருவரும் போர்க்கால நச்சு வாயுக்களை ஆராயும் கூடங்களில் பணியாற்றியவர்கள் என்பது வியப்புக்குரிய செய்தி. கொல்லும் வாயுவைத் தேடிய இடத்தில் குழந்தையைக் காக்கும் அறிவு கிடைத்தது!

1959இல் மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் ஆகிய இருவரும் புதிரை அவிழ்த்தனர். மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பொருள் போதிய அளவில் இல்லை என்பதை அவர்கள் நிறுவினர். கருவின் பிற்பகுதி வாரங்களில்தான் அது பெருகுகிறது. முந்திப் பிறந்த குழந்தை அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர்தான் சர்ஃபாக்டன்ட். "பரப்பில் செயல்படும் பொருள்" என்ற தொடரைச் சுருக்கி ஆக்கிய சொல் அது. அதாவது ஆங்கிலேயருக்கும் அது புதுச்சொல்தான்! ஆனால் தமிழருக்கு ஒரு வாய்ப்பு முன்பே இருந்தது. நாம் அந்த உறுப்புக்கே இட்ட பெயர் என்ன? நுரை ஈரல். பாட்டில் எந்த நுரையில் விடை கண்டாரோ, அந்த நுரை நம் சொல்லிலேயே இருக்கிறது. சர்ஃபாக்டன்ட் என்றால், "நுரையீரலின் நுரை உடையாமல் காக்கும் பொருள்" என்று பாட்டிக்கும் விளங்கச் சொல்லிவிடலாம் அல்லவா?

முனகலிலிருந்து ஒரு கருவி

காரணம் தெரிந்தும் மருந்து உடனே கிடைக்கவில்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்து வாரங்களுக்கும் மேலாக முந்திப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அந்நாட்டின் சிறந்த மருத்துவர்கள் அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் அறையில் வைத்தும் பயனில்லை. இரண்டே நாளில் குழந்தை இறந்தது. இன்று அதே வாரத்தில், அதே எடையில் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. இடையில் நடந்தது என்ன?

சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மருத்துவர், திணறும் குழந்தையின் முனகலுக்குப் பொருள் கண்டார். குழந்தை குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை வெளிவிடுவதால்தான் அந்த ஒலி எழுகிறது. ஏன் மூடுகிறது? காற்றெல்லாம் வெளியேறிச் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி சிறிது அழுத்தத்தை உள்ளே தேக்கி வைக்கத்தான்! முனகல் நோயின் அறிகுறி மட்டும் அன்று. குழந்தை தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியமும் ஆகும். அந்த வேலையைக் கருவி செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1971இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. இதுவே சிபாப். மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் இடைவிடாது சிறு காற்றழுத்தத்தைத் தரும் முறை என்பது அதன் பொருள். "தொடர் காற்றழுத்தத் தாங்கல்" எனலாம்.

இதன் எளிய வடிவத்தை உங்கள் இயற்பியல் பாடத்தைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். குழந்தையின் மூக்கில் சிறு குழல்கள் பொருத்திச் சூடும் ஈரமும் ஏற்றிய காற்றை அனுப்புகிறார்கள். காற்று வெளியேறும் குழாயின் முனையை நீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்த்தி வைக்கிறார்கள். குமிழ் விட்டு வெளியேற வேண்டுமானால் காற்று அந்த ஐந்து சென்டிமீட்டர் நீரின் அழுத்தத்தை வென்றாக வேண்டும். ஆகவே குழந்தையின் நுரையீரலிலும் ஏறத்தாழ அதே அழுத்தம் நிற்கும். அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமா? குழாயை இன்னும் சற்று ஆழ்த்தினால் போதும். விலையுயர்ந்த வென்டிலேட்டர் எனும் செயற்கைச் சுவாசப் பொறி இல்லாத இடத்திலும் இதனால் பல உயிர்களைக் காக்க முடிகிறது.

இன்னும் இரண்டு படிகள் உண்டு. 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி ஆகியோர், குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் தாய்க்கே ஸ்டீராய்டு ஊசி போட்டுச் சிசுவின் நுரையீரலை முன்கூட்டிப் பக்குவப்படுத்தலாம் என்று காட்டினர். 1980இல் ஜப்பானில் புஜிவாரா குழுவினர், மாட்டு நுரையீரலிலிருந்து ஆக்கிய சர்ஃபாக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி வெற்றி கண்டனர். அதே 1980இல் இந்தியாவில் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் தங்களுக்கென தேசிய அமைப்பு ஒன்றை நிறுவினர்.

உயிர்வளி பறித்த பார்வை

இந்த வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1942இல் பாஸ்டனைச் சேர்ந்த கண் மருத்துவர் டெரி, குறைமாதக் குழந்தைகளிடையே ஒரு புதுவகைக் குருட்டைக் கண்டு எழுதினார். நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில்தான் அது மிகுதியாக இருந்தது! 1951இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கேட் கேம்பெல், அளவின்றிக் கொடுத்த ஆக்சிஜனே காரணமாக இருக்கலாம் என்று சுட்டினார். 1953–54இல் அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதனை உறுதி செய்தது. அதற்குள் உலகில் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருப்பர் எனக் கணிக்கப்படுகிறது.

உடனே ஆக்சிஜனை எல்லோருக்கும் கடுமையாகக் குறைத்தனர். பார்வை தப்பியது, ஆனால் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. மிகுந்தால் கண்ணுக்குக் கேடு, குறைந்தால் உயிருக்குக் கேடு! நடுவழி காண, குருதியில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை நொடிதோறும் அறிய வேண்டும். 1974இல் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோகி அதற்கு வழி கண்டார். தோலின் வழியே ஒளியைப் பாய்ச்சி, நாடித்துடிப்போடு மாறும் ஒளியைக் கொண்டு அளக்கும் முறை அது. இன்று குழந்தையின் பாதத்தில் கட்டிய சிவப்பொளிக் கருவியே அதன் வழித்தோன்றல். "சாச்சுரேஷன்" என்று செவிலியர் சொல்வது இந்த அளவைத்தான். அது நூற்றுக்கு நூறாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு நூறு என்பது நல்ல செய்தி அன்று.

இத்துறையில் இந்தியாவின் பங்கும் பெருமைக்குரியது. பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்குத் தூய ஆக்சிஜன்தான் கொடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் வேதவாக்காக இருந்தது. டில்லியில் சித்தார்த் ராம்ஜி குழுவினர், சாதாரணக் காற்றே போதாதா என்று கேட்டு, 84 குழந்தைகளிடம் செய்த ஆய்வை 1993இல் வெளியிட்டனர். பின்பு நார்வே நாட்டு அறிஞர் சாக்ஸ்டாடு, ராம்ஜி முதலியோர் ஆறு நாடுகளில் 609 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1998இல் வந்தது. சாதாரணக் காற்று எவ்வகையிலும் குறைந்ததன்று என்று தெரிந்தது. 2010இல் உலக வழிகாட்டு நெறிகளே மாறின. நிறைமாதக் குழந்தைக்குக் காற்றைக் கொண்டே தொடங்குவது வழக்கமாயிற்று. ஆக்சிஜன் உருளை இல்லாத சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஒரு முகமூடிப் பையும் பயின்ற கையும் இருந்தால் உயிர் காக்கலாம் என்பதே இதன் பொருள்.

நாம் செய்ய வேண்டியது

கிறீனின் அளவுகோலை இன்றைய சொற்களுக்குப் பொருத்திப் பாருங்கள். இன்குபேட்டர் என்பதற்கு அடைகாப்பான் என்று அகராதி சொல்கிறது. 1880ஐ ஒட்டிப் பாரிஸில் டார்னியே என்பவர் குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டே அதனை அமைத்ததால் அது பொருத்தமான பெயர்தான். ஆனால் மக்கள் அதனைக் "கண்ணாடிப் பெட்டி" என்று எப்போதோ பெயரிட்டுவிட்டார்கள். மக்கள் ஆக்கிய சொல் இருக்கும்போது அதுவே முதலிடம் பெறட்டும். அப்கார், சிபாப் போன்றவை அப்படியே வழங்கட்டும். கேட்பவருக்கு ஒரு வரி விளக்கம் சேர்ந்தால் போதும். நல்ல கலைச்சொல் எது என்றால், கேட்டவர் அடுத்த கேள்வியைக் கேட்க இடம் தருவதே நல்ல சொல்.

அந்தக் கேள்விகளில் சிலவற்றை நீங்களும் நினைவில் கொள்ளுங்கள். குறைமாதப் பிரசவம் நேரும் என்று அஞ்சினால், "நுரையீரல் பக்குவப்படத் தாய்க்கு ஊசி போட வேண்டுமா?" என்று கேளுங்கள். குழந்தை உள்ளே இருக்கும்போது, "தானாக மூச்சு விடுகிறதா? கருவி தாங்குகிறதா? அல்லது கருவியே மூச்சு விடுகிறதா?" என்று கேளுங்கள். முறையே இயல்பு மூச்சு, சிபாப், வென்டிலேட்டர் என்னும் மூன்று படிகள் இவை. ஊருக்குத் திரும்புமுன், "கண் பரிசோதனை எந்தத் தேதியில்?" என்று தவறாமல் கேளுங்கள். 34 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கும் 30 நாளுக்குள் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பது இந்திய வழிகாட்டு நெறி. காலத்தில் கண்டால் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். 1819இல் தொடங்கிய, ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை நம் எழும்பூரிலேயே இருக்கிறது.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம், கருவி செய்யும் பொறியாளராகலாம். ஆங்கிலத்தில் கற்பதில் தவறில்லை. கற்றதைக் கதவுக்கு வெளியே நிற்பவரின் மொழியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். 1864இல் மானிப்பாயில் முடிந்த செயல் இன்று நமக்கு முடியாதா என்ன?